விறகு பிளக்கத் தெரியாத பேராசிரியை

எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். மாதம் ஒரு ஞாயிறு, இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பறையில் கூடுவோம். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் பேச்சும் முடியும், தேத்தண்ணியும் முடியும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். இந்த ஜனவரியில் எடுத்த நாவலுக்கு மட்டும் நுவரெலியா போக வேண்டியவர்கள் இரண்டு பஸ்ஸை விட்டார்கள். சண்டை முழுக்க ஒரே ஒரு சொல்லின் மேல்: கோஸி.

நாவல், கனடா எழுத்தாளர் ஹெதர் ஃபாசெட் 2023 ஜனவரியில் வெளியிட்ட 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்'. 1909ஆம் ஆண்டுக் கதை. எமிலி வைல்ட் கேம்பிரிட்ஜில் ஃபேரிகளை, அதாவது மேற்கத்திய நாட்டார் கதைகளில் வரும் மாய உயிர்களை, ஆராயும் பேராசிரியை. அந்த உலகத்தில் ஃபேரிகள் நிஜம். அவற்றைப் படிப்பது தாவரவியல் மாதிரி ஒரு துறை. ஃபேரிகளைப் பற்றித் தான் எழுதுகிற கலைக்களஞ்சியத்தின் கடைசி அத்தியாயத்துக்குத் தகவல் திரட்ட, லியோஸ்லாந்த் என்ற வடதுருவப் பக்கத்துக் கற்பனை நாட்டில், பனி மூடிய ஒரு மீனவக் கிராமத்துக்கு ஷேடோ என்ற தன் பெரிய கறுப்பு நாயோடு போய் இறங்குகிறாள். பின்னாலேயே அவளுடைய துறைப் போட்டியாளன் வெண்டெல் பாம்பிள்பியும் வந்து சேர்கிறான். அழகன், சோம்பேறி, வாய்ப்பேச்சுக்காரன். ஆள் மனிதன்தானா என்ற சந்தேகம் எமிலிக்கு ஆரம்பத்திலேயே உண்டு. எல்லாவற்றையும் எமிலி நாட்குறிப்பாக எழுதுகிறாள், அடிக்குறிப்புகள் வேறு. 2024இலும் 2025இலும் அடுத்த இரண்டு பாகங்கள் வந்து தொடர் முடிந்தது.

பிடித்தவர்கள் இதைக் கோஸி என்று சொல்லித்தான் அடுத்தவர் கையில் திணிக்கிறார்கள். பிடிக்காதவர்களும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள்: இதுவா கோஸி?

சரி, கோஸி என்றால் என்ன? தமிழில் கதகதப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கதை வகையாக அது முதலில் துப்பறியும் நாவல்களில் புழங்கிய பெயர். கொலை நடக்கும், ஆனால் ரத்தம் கண்ணில் படாது. சின்ன ஊர், பேக்கரி, பூனை, கடைசியில் எல்லாம் சரியாகிவிடும். கொரோனாக் காலத்தை ஒட்டி மாயக்கதைக்காரர்களும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். உலகத்தைக் காப்பாற்றும் போர் வேண்டாம், ஒரு வீடு, ஒரு அடுப்பு, ஒரு சினேகம் போதும் என்ற வகை. அதற்கு முன்பே, 2016 வாக்கில், டென்மார்க்காரர்களின் 'ஹூகா' என்ற சொல் மெழுகுவர்த்தியையும் கம்பளிக் காலுறையையும் உலகத்துக்கெல்லாம் விற்றுக் கொடுத்திருந்தது. குளிர்காலக் கதைக்குச் சந்தை தயாராகவே இருந்தது.

அந்தச் சொல்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கோஸி ஆங்கிலத்துக்குள் வந்தது ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து, 18ஆம் நூற்றாண்டில். டீப்போட்டுக்கு மேல் கவிழ்க்கிற கம்பளி உறைக்கும் அதே பெயர்தான்: டீ கோஸி. என் அம்மாயி சின்ன வயதில் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தவர். அவர் வாயில் அது 'டீப்போட்டுத் தொப்பி'. பழைய சுவெட்டரைப் பிரித்து எடுத்த நூலில் அவரே ஒன்று பின்னியிருந்தார். ஒரு பக்கம் கைப்பிடிக்கு, ஒரு பக்கம் மூக்குக்கு ஓட்டை, உச்சியில் ஒரு குஞ்சம். எங்கள் வீட்டில் டீப்போட் கிடையாது. ஆகவே அது கொஞ்ச நாள் என் தம்பியின் தலையில் இருந்தது, ஓட்டைகள் சரியாகக் காதுக்கு வந்தன.

நாங்கள் சண்டை போட்டதும் கிட்டத்தட்ட அதைப் பற்றித்தான். கதகதப்பு ஒரு பொருளா, அல்லது யாரோ ஒருவர் செய்து கொண்டுவந்து தருகிற வேலையா?

எமிலியிடமிருந்து தொடங்கினோம். நாவலைப் பற்றிய கருத்துகள் முதலில் பிரிவது அவளிடம்தான். ஒரு கூட்டத்துக்கு அவள் கல்நெஞ்சுக்காரி. ஊர்க்காரரின் துயரத்தைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுக்கிறவள், நன்றி சொல்லத் தெரியாதவள். இன்னொரு கூட்டத்துக்கு அவள்தான் நாவலே. கூட்டத்தில் கூச்சம், முகத்தைப் பார்த்து மனத்தைப் படிக்க முடியாமை, ஒரே விஷயத்தில் மூழ்கிப் போவது என்று தங்களையே அவளிடம் பார்க்கிற வாசகர்கள் நிறைய. ஆட்டிசத்தோடு பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு. நாவல் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எங்கள் வட்டத்து ஆங்கில ஆசிரியை, "பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கென்று தோட்டத்துக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான்" என்றார். கேள்வித்தாளோடு வருவார்கள், லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள், போய்விடுவார்கள், பிறகு ஒரு தகவலும் வராது. இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவரே ஒரு காலத்தில் அந்தக் கேள்வித்தாளோடு போனவர்.

அடிக்குறிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் படித்தவர்களுக்கு அவை தொல்லை, காகிதத்தில் படித்தவர்களுக்கு விருந்து. நாட்குறிப்பு வடிவத்தின் மேல் இருக்கிற குறை கொஞ்சம் நியாயமானது. சாகக் கிடக்கிற நேரத்தில் யார் உட்கார்ந்து இத்தனை பக்கம், அதுவும் உரையாடலோடு, எழுதுவார்கள்? முதல் பாதி நத்தை, கடைசிப் பகுதி குதிரை என்பதும் பலர் சொல்வதுதான், எனக்கும் அப்படித்தான் பட்டது. வெண்டெலைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது வட்டத்தின் இளையவர்கள் மூவரும் ஒரே குரலில் அவனுக்கு வக்காலத்து வாங்கினார்கள். அறை அலங்கோலமாக இருந்தால் அவனுக்குப் பொறுக்காதாம், தானே ஒழுங்கு பண்ணிவிடுவானாம். எமிலியின் நாட்குறிப்பை எடுத்து, கேட்காமலே அவனும் ஒரு பதிவு எழுதி வைக்கிறான். நாவலில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது.

விவாதம் சூடானது விறகில்.

எமிலி அந்தக் குடிசைக்கு வந்த புதிதில் அவளுக்கு விறகு பிளக்கத் தெரியாது. கணப்பு அணைகிறது, குளிர் எலும்புக்குள் இறங்குகிறது, கேம்பிரிட்ஜ் படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. வந்த சில நாட்களிலேயே ஊர்த் தலைவியின் மனத்தையும் தன்னையறியாமல் புண்படுத்திவிடுகிறாள். எங்கே பிசகினோம் என்றுகூட அவளுக்குப் புரியவில்லை. ஊரில் ஒரு விறகுவெட்டிப் பெண் இருக்கிறாள், லில்யா. அவள் போன்றவர்களின் தயவில்லாமல் அந்தக் குடிசையில் கதகதப்பு கிடையாது. நிறையப் பேர் நெருப்பைப் பார்த்துக் கோஸி என்கிறார்கள். எங்கள் வட்டத்தில் பாதிப் பேருக்குக் கண்ணில் பட்டது கோடரி.

அதற்கு எங்கள் ஊர்தான் காரணம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி விடியற்காலைகளில் சில நாள் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும். அது ஸ்நோ இல்லை, உறைபனி. தமிழில் எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்தான்: மூடினாலும் பனி, கொட்டினாலும் பனி, உறைந்தாலும் பனி. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அந்த வெள்ளைப் புல்லைப் படம் எடுத்து 'சின்ன இங்கிலாந்து' என்று போடுவார்கள். அதே காலையில் மலையில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும். பனி எரித்துவிட்டது என்போம். தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க நிரையில் நிற்கிறவருக்குப் பனியின் அழகைச் சொல்ல நேரமில்லை. அழகு தெரியாது என்று அர்த்தமில்லை. மார்கழி பஜனையில் விடியலுக்கு முன்னால் லயம் லயமாகப் பாடிக்கொண்டு போன எவருக்கும் அது தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்தால் அடுப்பெரிக்க மிலாறு வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில், அதாவது செடிகளைத் தறித்துவிட்ட மலையில், கழித்துப் போட்ட தேயிலைக் கிளைகளுக்கு அந்தப் பெயர். கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, இஸ்தோப்பில் அடுக்கி, காய வைத்து எரிக்க வேண்டும். காயாவிட்டால் புகைதான். காம்பரா என்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைக்குள் அந்தப் புகையில் இருமிக்கொண்டு படித்தவர்கள் எங்கள் வட்டத்திலேயே மூன்று பேர். கணப்பு என்ற சாதனம் அவர்களுக்குப் பங்களாவில் பார்த்த ஒன்று. அதற்கு விறகு பிளந்து கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

வட்டத்தில் வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இதை மறுத்தார். "அண்ணே, நாள் முழுக்க அந்தக் குளிரில் நின்னவனுக்குத்தான் கதகதப்புன்னா என்னன்னு தெரியும். பங்களாக்காரனுக்கு என்ன தெரியும்?" அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. நாவலில் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் மரத்தில் குடியிருக்கிற போ என்ற குட்டி ஃபேரி ரொட்டி சுடும். அந்த ரொட்டி வருகிற இடத்தில், மழையில் நனைந்து வந்து அம்மா கையால் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வாங்கித் தின்ற ஞாபகம் தனக்கு வந்ததாகச் சொன்னார். அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் வந்தது தோட்டத்து மிட்வைஃப் அக்காவிடமிருந்து, வேறு திசையில். அவருக்கு இந்த நாவல் கோஸியே இல்லை. காரணம் மாறாட்டக் குழந்தை.

ஃபேரிக் கதைகளில் மிகப் பழைய சரடு இது. ஃபேரிகள் தொட்டிலில் இருக்கும் மனிதக் குழந்தையைத் திருடிவிட்டு, தங்கள் குழந்தையை அதன் உருவத்தில் போட்டுவிடும். அது எவ்வளவு ஊட்டினாலும் தேறாது, ஓயாமல் அழும், முகம் கிழடாகத் தெரியும். ஃபாசெட்டின் கிராமத்திலும் அப்படி ஒரு வீடு உண்டு. மாடியில் அந்தப் பிள்ளை, கீழே உருக்குலைந்துபோன தாய் தகப்பன். நம் மிட்வைஃப் அக்கா சொன்னது இது: "சவலை தட்டின புள்ளைய நீங்க பாத்ததில்ல. பாத்திருந்தா இத மாயக்கதன்னு சொல்ல மாட்டீங்க."

அவர் சொன்னதைத்தான் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களும் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஊட்டக் குறைவு, பிறவி நோய், வளர்ச்சிக் குறைபாடு இவற்றுக்கெல்லாம் பெயர் தெரியாத காலத்தில், 'இது என் பிள்ளை இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள்' என்பது ஒரு விளக்கம். விளக்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாறாட்டக் குழந்தையை நெருப்பில் காட்டினால், குளிரில் கிடத்தினால், உண்மையான பிள்ளை திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. அயர்லாந்தின் டிப்பரரியில் 1895 மார்ச் மாதம் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண், 'இவள் என் மனைவியே இல்லை, ஃபேரிகள் விட்டுப்போன வேறொருத்தி' என்று சொன்ன கணவனாலேயே எரிக்கப்பட்டு இறந்தார். அவனுக்குச் சிறை 20 ஆண்டுகள் என்று தீர்ப்பு, விடுதலையானது 1910இல். அதாவது எமிலி தன் நாட்குறிப்பை எழுதுகிற 1909 குளிர்காலத்தில், நிஜ உலகத்தில், அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான்.

நம் பக்கம் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. தோஷம், சீர் என்று சொல்லிச் சவலைப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவராமல் மந்திரிக்கக் கொண்டுபோன கதைகள் அக்காவிடம் நிறைய உண்டு. அவற்றை அவர் சொல்லும்போது பெயர்களை விழுங்கிவிட்டுச் சொன்னார். நானும் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆகவே ஃபேரி என்ற சொல்லுக்கே நாங்கள் திரும்பி வர வேண்டியிருந்தது. தமிழில் அதைத் 'தேவதை' என்று மொழிபெயர்த்தால் வெள்ளைக் கவுனும் நட்சத்திரக் கோலும் முன்னால் வந்து நின்றுவிடும். நாவலைக் கையில் எடுத்து ஏமாந்தவர்களில் ஒரு பங்கு இந்தக் கவுனை எதிர்பார்த்தவர்கள்தான் என்பது என் ஊகம். பழைய ஃபேரிகள் வேறு சாதி. அவற்றோடு பேரம் பேசலாம், ஆனால் சொல் தவறக்கூடாது. அவை தரும் உணவைத் தின்றால் திரும்பி வர முடியாது. இரும்பு அவற்றுக்கு ஆகாது. வாய்க்கு வந்தபடி பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஸ்காட்லாந்தில் 'நல்ல அயலார்' என்பார்கள், பயத்தில் வைத்த பெயர். நாம் 'நல்ல பாம்பு' என்று சொல்வதும் வேறு என்ன?

லயத்தில் வளர்ந்தவருக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் புதிதில்லை. இருட்டில் கறிச்சோறு கொண்டுபோனால் கூடையில் ஒரு கரித்துண்டும் ஒரு இரும்புத் துண்டும். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் கத்தி. ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லாதே, மூன்றாவது குரலுக்குச் சொல். முனியும் காட்டேரியும் மோகினியும் தமிழ்நாட்டிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணிமாரோடு நடந்து வந்தவை, மாடசாமியும் வந்தார். வந்த இடத்தில் புதிதாகச் சிலர் பிறந்தார்கள். தேயிலை ஃபெக்டரியின் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அங்கே இருப்பவர் ரோதை முனி. கவ்வாத்துக் கத்தி எடுப்பதற்கு முன் பூசை வாங்குகிறவர் கவ்வாத்துச் சாமி. ஒரு தொழிலையும் ஒரு இயந்திரத்தையும் சுற்றி மக்கள் புதிதாகச் சாமிகளை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது எனக்கு எந்த மாயக்கதையையும் விடப் பெரிய விஷயமாகப் படுகிறது. சக்கரத்தில் கை போனவர்களை நினைத்தால் ஏன் என்பதும் விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், எமிலியின் ஃபேரிகள் மட்டும் இந்த மலைக்கு அந்நியமா? இலங்கைத் தேயிலைக்குத் தொடக்கம் வைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார்; ஆள் ஸ்காட்லாந்துக்காரர். அதற்குப் பிறகு வந்த தோட்டத் துரைமாரிலும் ஸ்காட்லாந்துக்காரர் ஏராளம். தோட்டங்களின் பெயரைப் பாருங்கள்: அக்கரப்பத்தனைப் பக்கம் பல்மோரல், வேவர்லி, தலவாக்கலையில் ஹோலிரூட், பூண்டுலோயாவில் டன்சினன். எல்லாம் ஸ்காட்லாந்துப் பெயர்கள். நல்ல அயலாரைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பையன்கள் வந்து இந்த மலைகளுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் பங்களாவில் கணப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, கீழே லயத்தில் மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தவர்கள் எங்கள் ஆட்கள். இரண்டு கூட்டமும் ஒரே இருட்டுக்குத்தான் பயந்திருக்கும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதாகத்தான் தெரியவில்லை.

எமிலி செய்கிற வேலையை ஸ்காட்லாந்தில் நிஜமாகவே ஒருவர் செய்திருக்கிறார். ராபர்ட் கர்க், அபர்ஃபாயில் என்ற ஊரின் பாதிரியார். 1691-92 வாக்கில், தன் சபை மக்கள் ஃபேரிகளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டு, கிண்டல் இல்லாமல், ஒழுங்காக எழுதி வைத்தார். 1692இலேயே இறந்தும் போனார், தன் வீட்டுக்குப் பக்கத்தில் டூன் குன்றில் நடந்துகொண்டிருந்தபோது. அவர் சாகவில்லை, ரகசியத்தை எழுதியதற்காக ஃபேரிகள் கொண்டுபோய்விட்டன என்று ஊர் சொன்னது. நாவலில் எமிலிக்கு நேர்கிறதை இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன். எழுதுகிறவருக்கு ஒரு விலை உண்டு என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் மதிப்பெண் போட்டோம், ஐந்துக்கு. ஆங்கில ஆசிரியை நாலரை, இளையவர்கள் மூவரும் ஐந்து, வங்கித் தம்பி நாலு. மிட்வைஃப் அக்கா மூன்று போட்டுவிட்டு, இரண்டாம் பாகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். நான் நாலு. விறகுவெட்டி லில்யா ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் அதற்கு ஐந்து போட்டிருப்பேன்.

எட்டாவது ஆள் மதிப்பெண் போடவில்லை. அவருடைய அப்பா ஓய்வுபெற்ற டீமேக்கர், ராவெல்லாம் ஃபெக்டரியில் கழித்தவர். நாவலைப் படித்த உற்சாகத்தில், நம் மலைக்கும் இப்படி ஒரு களஞ்சியம் போட்டால் என்ன, ரோதை முனியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கொப்பி வாங்கிக்கொண்டு அப்பாவிடம் போய் உட்கார்ந்திருக்கிறார். எப்படி இருப்பார், யார் பார்த்தது, என்ன படையல் என்று வரிசையாகக் கேள்வி. அப்பா ஜன்னலைப் பார்த்தாராம், மணியைப் பார்த்தாராம். "ஆறு மணிக்கு மேல அந்தப் பேச்சு எதுக்குடா. காலைல வா" என்றாராம். காலையில் போனால், கேட்டதற்கெல்லாம் "எனக்கென்ன தெரியும்" என்று ஒரே பதில். கொப்பியின் முதல் பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். தேதியும், தலைப்பும், அதற்குக் கீழே 'பார்த்தவர்கள்' என்ற ஒரு சொல்லும் மட்டும் இருந்தன.